மும்பையில் சும்மா இருந்தால் போதும், டீச்சர்

"மும்பையில அஞ்சு மணி நேரம் கிடக்கு டீச்சர், சும்மா இருந்தா போதும்" என்று சொன்னவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். களியக்காவிளையில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். கணக்கில் அப்போதே சுமார்தான்.

மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் பேறுகாலத்துக்கு நான் போக வேண்டும். விசா ஒரே நடையில் கிடைத்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 58 வயது வரை விமானத்தை மொட்டை மாடியில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் அவன் நீட்டிய தாள்களை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திருவந்தரத்திலிருந்து, அதாவது திருவனந்தபுரத்திலிருந்து, மும்பைக்கு ஒரு கம்பெனி, மும்பையிலிருந்து லண்டனுக்கு இன்னொரு கம்பெனி. தனித்தனியாக எடுத்ததில் 6,000 ரூபாய் மிச்சம் என்றான். நானும் கெட்டிக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நாளில் தம்பி மகன் கார் ஓட்டி வந்தான். அத்தை லண்டன் போகிறாள் அல்லவா, நேரே சாக்கை பக்கம் இருக்கும் சர்வதேச முனையத்தில் கொண்டு நிறுத்தினான். வாசலில் நின்ற காவலர் தாளைப் பார்த்தார். "இது மும்பை டிக்கெட். சங்குமுகம் பக்கம் போங்க" என்றார். ஒரே ஓடுபாதைக்கு இந்தக் கரையில் ஒரு முனையம், அந்தக் கரையில் ஒன்று. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். எந்த ஊரில் போய்ச் சேருகிறோம் என்பது கணக்கே இல்லை, முதல் விமானம் எங்கே போகிறதோ அதற்கான வாசல்தான் நமக்கு.

அங்கே பெட்டியைத் தராசில் வைத்தேன். 22 கிலோ 400 கிராம். வீட்டில் மூன்று முறை நிறுத்து, 23-க்குள் அடக்கி வைத்திருந்த பெட்டி. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "15 கிலோதான் மேடம், மிச்சத்துக்குப் பணம் கட்டணும்" என்றாள். லண்டன் டிக்கெட்டை நீட்டினேன், அதில் 23 கிலோ என்று போட்டிருக்கிறதே என்றேன். "அது வேற டிக்கெட் மேடம், எங்களுக்குச் சம்பந்தமில்லை." கிலோவுக்கு இவ்வளவு என்று அவள் சொன்ன தொகையை ஏழால் பெருக்கிப் பார்த்தபோது, மிச்சமான 6,000 ரூபாய் எங்கே போகும் என்று புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் வெளிநாட்டு அளவே முதல் விமானத்துக்கும் செல்லுமாம். இது மகள் பிறகு சொல்லித் தெரிந்தது.

வரிசையை விட்டு ஒதுங்கித் தரையில் பெட்டியைத் திறந்தேன். எல்லாரும் பார்க்க உள்பாவாடையும் முந்திரிக்கொத்துமாகக் கடை பரப்பியாயிற்று. கருப்பட்டி, வறுத்த அரிசிமாவு, ஏத்தங்காய் உப்பேரியில் பாதி, ஒரு கம்பளி எல்லாம் வெளியே வந்தன. நல்லவேளை, தம்பி மகன் கிளம்பியிருக்கவில்லை. வாசல் காவலரிடம் கெஞ்சி, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பையை அவன் கையில் கொடுத்தேன். கொண்டுவிட வருகிறவரைப் பெட்டி உள்ளே போகும் வரை அனுப்பிவிடாதீர்கள். கார் நிறுத்தக் காசு கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

அப்படியும் ஒரு கிலோ சொச்சம் கூடுதலாக நின்றது. என் மூளை வேலை செய்த இடம் இது. அரை லிட்டர் தேன் பாட்டில் இரண்டு இருந்தன. தேன் கனம், அரை லிட்டரே முக்கால் கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. இரண்டையும் உருவிக் கைப்பையில் வைத்தேன், பெட்டி 15-க்கு இறங்கிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்து எடுத்த தேன் அது. எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் வருவது. அந்த மரத்துத் தேன் பூவில் ஊறுவதில்லை, இளம் இலைக்காம்பில் ஊறும். காசு வாங்காமல், "பிள்ளைக்குக் கொடுங்க டீச்சர்" என்று அவராகவே கொண்டுவந்து கொடுத்தது. திருவந்தரம் பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள், திரும்ப வைத்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விமானம் 1 மணி 20 நிமிடம் தாமதம். பையன் சொன்ன ஐந்து மணி நேரத்தில் அது முதலில் கழிந்தது. மும்பையில் பெட்டி வந்து சேர முக்கால் மணி நேரம். அப்புறம்தான் தெரிந்தது, நான் இறங்கியது சாந்தாகுரூஸ் பக்கம் இருக்கும் முதல் முனையம். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் சஹார் பக்கம் இரண்டாம் முனையத்தில். இடையில் நகரத்துச் சாலை. பெயரென்னவோ ஒரே விமான நிலையம்தான்.

எனக்கு இந்தி வராது. "டெர்மினல் டூ, டெர்மினல் டூ" என்று கையில் தாளை வைத்துக்கொண்டு நின்றேன். முன்பணம் கட்டி ரசீது வாங்கும் டாக்சி வரிசையில் கிட்டத்தட்ட அரைமணி நேரம். என் முறை வந்ததும், கிட்டத்து சவாரி என்பதால் முகம் சுளித்த ஓட்டுநர் வழியெல்லாம் முணுமுணுத்தார். புரியாததும் ஒரு வசதிதான்.

லண்டன் கவுண்டரை மூட 50 நிமிடம் இருக்கும்போது போய் நின்றேன். பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மூடியபின் போய் நின்றால், என் முதல் விமானம் தாமதம் என்று அழுதாலும் பயனில்லை, ஏனென்றால் அது வேறு டிக்கெட். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. எனவே டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், இரண்டு விமானத்துக்கும் ஒரே பி.என்.ஆர். என்கிற முன்பதிவு எண்தானா என்று. மழுப்பினால் கடையை விட்டு எழுந்துவிடலாம்.

இனிதான் எனக்கு இன்னும் ஆறாத இடம். கவுண்டரில் பெட்டியைப் போட்டேன். தராசில் 15. எனக்கு உரிமை 23. எட்டு கிலோ இடம் காலியாக இருக்கிறது, தேன் தோளில் தொங்கும் பையில் இருக்கிறது. பவர் பேங்க் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கவுண்டர்காரர் கேட்டார், அது கைப்பையில்தான் இருக்க வேண்டுமாம், அங்கேதான் இருந்தது. தேனைப் பற்றி அவர் ஏன் கேட்கப் போகிறார்? எனக்கும் ஓட்டத்தில் தோன்றவில்லை. பெட்டி பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் தனியே தள்ளிவைத்தார்கள். சீருடைப் பெண் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள், அந்த மூன்றாம் சாமத்திலும் தேன் செம்பழுப்பாக மின்னியது. "லிக்விட்" என்றாள். தேன் எப்படித் தண்ணீராகும் என்று நான் ஆங்கிலத்தில் வாதாடினேன். வெளிநாட்டு விமானத்துக்குக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது; தேன், ஊறுகாய்ச் சாறு, எண்ணெய் எல்லாம் அதில் சேர்த்தி. பெட்டியில் போடலாம் என்றாள். பெட்டிதான் போய்விட்டதே! இரண்டு பாட்டிலையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், தண்ணீர் பாட்டில்களுக்கும் ஷாம்புகளுக்கும் நடுவே வைத்தாள். வைத்தாள், போடவில்லை. அந்த மட்டுக்கு நல்ல பெண்.

அந்த முனையத்தின் கூரையும் தூண்களும் மயில்தோகை மாதிரி இருக்கும் என்பார்கள். நான் பார்த்தது கேட் எண் பலகைகளை மட்டும்தான். கடைசி அழைப்பென்று யாராவது ஒலிபெருக்கியில் கூவிக் கூப்பிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், பல பெரிய நிலையங்களில் இப்போது அந்த வழக்கமே இல்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேட் எண் மாறவும் செய்யும்.

ஊரில் சிலர், சக்கர நாற்காலி கேட்டுவிடு, அவர்களே தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிவிடுவார்கள் என்றார்கள். முன்கூட்டிச் சொன்னால் காசில்லாமல் கிடைப்பதுதான். முட்டு நன்றாக இருக்கிற நான் அதில் உட்கார்ந்தால் நடக்க முடியாத ஒருவர் காத்திருப்பார் என்று கேட்கவில்லை. மும்பையில் டாக்சி வரிசையில் நின்றபோது அந்த நேர்மை கொஞ்சம் ஆட்டம் கண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பும்போது மகள் ஒரே டிக்கெட்டாக எடுத்தாள், தன் மின்னஞ்சலையும் எண்ணையும் கொடுத்து. அதனால் ஒரு காரியம் நடந்தது. மும்பையிலிருந்து திருவந்தரம் விமானம் மாலையிலிருந்து இரவுக்கு மாறிவிட்டது என்று முன்னதாகவே செய்தி வந்தது. மகள் பதறினாள். நான் தேதியைப் பார்த்துச் சிரித்தேன். பங்குனி ஆறாட்டு. பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் சங்குமுகம் கடலுக்கு ஓடுபாதையைத் தாண்டித்தான் போகும், ஐப்பசியிலும் பங்குனியிலும் அதற்காக விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடிவைப்பார்கள். மூன்று மணி நேரக் காத்திருப்பு எட்டாயிற்று. பையன் தன் எண்ணைக் கொடுத்து எடுத்த டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்தச் செய்தி களியக்காவிளைக் கடையில் போய்க் கிடந்திருக்கும்.

இந்தத் தடவை பெட்டிச் சீட்டில் திருவந்தரம் என்றே அச்சடித்திருந்தது. அது தானாக வந்துவிடும் என்று மும்பையில் பாஸ்போர்ட் முத்திரை வாங்கியதும் கைவீசி நடந்தேன். பின்னால் வந்த ஒரு மலையாளிப் பெண், லண்டனிலிருந்து பக்கத்து இருக்கைக்காரி, ஓடிவந்து, "அம்மே, பெட்டி எடுக்கண்டே?" என்றாள். சீட்டில் எந்த ஊர் இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்தால் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, வெளியே இருக்கும் மாற்று கவுண்டரில் மறுபடி கொடுக்க வேண்டும். சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்தபின் பெட்டி நினைவு வந்தால், திரும்ப உள்ளே விடமாட்டார்கள், ஆளைப் பிடித்து அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பெண்ணின் புண்ணியம், நான் பெல்ட் பக்கம் திரும்பினேன். என் பெட்டி ஏற்கனவே மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தது.

மிச்ச நேரம் மும்பையில் நிஜமாகவே சும்மா உட்கார்ந்திருந்தேன். காலிப் பாட்டிலில் குடிநீர் பிடித்துக்கொண்டேன். பிரஷர் மாத்திரை பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையில் இருந்தது. மகள் கட்டிக்கொடுத்த சப்பாத்தி இருந்தது. போனுக்கு சார்ஜ் போடும் தூண் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்து ஒரு தூக்கமும் போட்டேன், பைப்பிடியைக் கையில் சுற்றிக்கொண்டு.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக்காரர் வேலிப் பக்கம் வந்து நின்றார். "பிள்ளைக்குத் தேன் பிடிச்சுதா டீச்சர்?"

"ரொம்பப் பிடிச்சுது. அதுக்குள்ள தீர்ந்தே போச்சு" என்றேன்.