ரிப்போர்ட்டில் ஒரு வரி

"தெரிஞ்சதை எழுதுங்க டாக்டர், தெரியாததை எதுக்கு எழுதுறீங்க? பேஷண்ட் வீட்டுல பயந்துபோய் எனக்குப் போன் பண்றாங்க." நோயாளியை என்னிடம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்பிய மருத்துவர் போனில் இப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

நோயாளிக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிய நோய்; கனத்த உடம்பு. புற்றுக்கட்டி வந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கும் ஸ்கேன். கட்டி தென்படவில்லை என்று எழுதி, அதன்கீழ் 'வலது மடலில் பெரும்பகுதி சரியாகத் தெரியவில்லை, விஷுவலைசேஷன் சி' என்று சேர்த்திருந்தேன். ஈரல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதற்கான ஏ, பி, சி தரத்தில் கடைசி அது.

கொழுப்பும் தழும்பும் சேர்ந்த கல்லீரல் ஒலியலையை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடும். அதிர்வெண்ணை 2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்தும் ஆழத்தில் படம் கறுத்துத்தான் கிடந்தது. ஈரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்தின் கோட்டையே காணோம். ஈரலின் வலது மேற்பகுதியான ஏழாம், எட்டாம் பிரிவுகள் எப்போதுமே தகராறு. முன்னால் விலா எலும்பு, மேலே நுரையீரல் காற்று. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விலா இடுக்கில் ப்ரோபை, அதாவது உடம்பில் வைக்கும் ஸ்கேன் கருவியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஈரல் இறங்கி வரும். சிலருக்கு முழு மூச்சில் நுரையீரலே வந்து மறைக்கும், பாதி மூச்சில்தான் பிடிபடும். கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தை ஏற்றுவதால் பயனில்லை. படம் வெளுக்கும், கட்டி தெரியாது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் டீ குடித்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். அத்தனையும் செய்த பிறகும் ஈரலின் ஒரு மடலிலோ உதரவிதானத்திலோ பாதிக்கு மேல் தெரியாவிட்டால்தான் 'சி'.

சிரோசிஸின் அடையாளங்கள் தெரிந்தன: ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயின் விரிந்து 14 மி.மீ., மண்ணீரல் வீங்கி 15 செ.மீ., மேல்மட்டத்தைத் துல்லியமாகக் காட்டும் லீனியர் ப்ரோபில் ஈரலின் விளிம்பு மேடுபள்ளமாக இருந்தது. இவற்றை எழுதியதற்கு யாரும் போன் செய்யவில்லை.

கட்டி தெரிந்திருந்தால் வழி எளிது. 1 செ.மீ.க்குக் குறைவென்றால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி ஸ்கேன்; 1 செ.மீ.யோ அதற்கு மேலோ என்றால் காண்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து சிடி அல்லது எம்ஆர்ஐ. 'சி' என்றாலும் மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்கலாம்தான். ஆனால் அதே உடம்பு, அதே ஈரல். படம் மட்டும் மாறிவிடுமா? கடைசியில் சிடிக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவை ஒரு வரியில் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டேன் என்பதுதான் அவருடைய கோபம். எழுதாமல் விட்டிருந்தால் ஆறு மாதம் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள், எந்த ஆதாரமும் இல்லாமல்.

நோயாளிக்காக எழுதினேனா, நாளைக்குக் கேள்வி வந்தால் என் தலை தப்பவா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. பருத்தவர்களுக்கெல்லாம் 'சி' போட்டால் அந்த எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்றும் நினைத்ததுண்டு. இந்த மருத்துவர் படித்துவிட்டாரே.

"ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை நார்மல், அது போதாதா?" என்று கேட்டார். ஈரல் புற்றில் பலருக்கு ரத்தத்தில் ஏறும் புரதம் அது. ஏஎஃப்பி ஏறாமலே வளரும் கட்டிகள் உண்டென்பது அவருக்கும் தெரியும். போனில் அதை நான் சொல்லவில்லை. சொன்னால் ரிப்போர்ட்டைத் தாண்டி அவருடைய வைத்தியத்தில் கைவைப்பது போலாகிவிடும். அப்படி ஆகியிருந்தாலும் பரவாயில்லையோ என்னவோ.