சீனப் பெருநாள் ஆர்க்கிட்

மார்ச் 9, 2025, ஞாயிறு

சீனப் பெருநாளுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, ஆபீஸ் வரவேற்பறையில் வைத்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் இது. பூவெல்லாம் உதிர்ந்ததும் குப்பைக்குப் போக இருந்தது. வெள்ளிக்கிழமை நான்தான் கேட்டு வாங்கி கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எல்.ஆர்.டி. ரயிலில் அதை ஏந்திக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு மலாய்ப் பாட்டி எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மூன்று செடிகள். இலைகள் வாடிய வெற்றிலை மாதிரி துவண்டு கிடக்கின்றன. தாகம்தான் என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 15, சனி

தினமும் ஊற்றுகிறேன், காலையில் இலை மேலேயும் தெளிக்கிறேன். இலை நிமிரவே இல்லை. அம்மா தைப்பிங் வீட்டில் வேலியோரம் வாண்டா என்ற ஆர்க்கிட் வளர்த்தவர். ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்குக் கேட்டார்: "உயிரோட இருக்கிற செடிக்கு இப்பவே பால் ஊத்துறியா?" அப்புறம் கிண்ணத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். "நாறுது. பிரிச்சுப் பாரு."

மார்ச் 16, ஞாயிறு

பிரித்தேன். மேலே அழகுக்குப் பரப்பியிருந்த பாசியை அள்ளினால் கீழே பாலிஸ்டிரின் (தெர்மாகோல்) துண்டுகள். அதற்கும் கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர். வாரக்கணக்கில் மாற்றாத பூஜாடியின் வாடை. கிண்ணத்தின் அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை! நான் ஊற்றியதெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு செடியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கப்பில், இறுக்கி அடைத்த ஸ்பாக்னம் பாசிக்குள் இருந்தது. பாசியைப் பிழிந்தால் தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி தண்ணீர் வழிகிறது.

வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல வேர் முருங்கைப் பிஞ்சு மாதிரி விறைப்பாக இருக்கிறது. காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை. அழுகியது பழுப்பு. லேசாக இழுத்தாலே மேல்தோல் உறை மாதிரி கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கிறது. முதல் செடியில் தேறியது ஆறு வேர், இரண்டாவதில் நான்கு.

காட்டில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற இனம். மழையில் வேர் நனையும், காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். வேரின் மேல்தோல் பஞ்சு மாதிரி. சட்டென்று உறிஞ்சும், ஆனால் காற்றும் வேண்டும். எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீர் குடிக்காது, அதனால் இலை வாடுகிறது. வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். நல்ல பொறி!

மூன்றாவது செடிக்கு வேர் பரவாயில்லை. ஆனால் இலைகள் சேரும் நடுக்குருத்து கறுத்து, தொட்டதும் குழைந்து கையோடு வந்துவிட்டது. நான் தெளித்த தண்ணீர் குருத்தில் தேங்கி அழுகியிருக்கிறது. இது முழுக்க என் கைங்கரியம். இரண்டு பைகளில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகியதையெல்லாம் வெட்டினேன். அடுத்த செடிக்குப் போகும் முன் மறுபடி துடைத்தேன். அம்மா மஞ்சள் பூசச் சொன்னார். நான் வெட்டிய இடத்தில் மட்டும் இலவங்கப் பட்டைத்தூள் தொட்டு வைத்தேன். அது ஈரத்தை உறிஞ்சும், நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும். இரண்டு செடிகளும் இன்றிரவு செய்தித்தாள் மேல் படுத்திருக்கின்றன.

மார்ச் 17, திங்கள்

மளிகைக் கடையில் கோலா செபெத்தாங் பக்கத்து பாக்காவ் கரி, அதாவது சதுப்புநில மரக் கரி, கிடைத்தது. குச்சியில் இறைச்சி கோத்து சாத்தே சுடுகிறார்களே, அதே கட்டைக் கரி. அச்சில் அழுத்திச் செய்த கரி வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். நேற்றிரவே ஊறப்போட்டு, காலையில் தூசு போக அலசி, பெருவிரல் அளவுக்கு உடைத்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் சூடான கம்பியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, செடியை வைத்துக் கரியை நிரப்பினேன். சின்ன டப்பாதான், இருக்கிற வேருக்கு அதுவே தாராளம். ஆடாமல் இருக்க சாத்தே குச்சியோடு கட்டிவிட்டேன். செடி ஆடினால் புது வேரின் நுனி கரியில் உரசி நசுங்கிவிடும்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள் ராயா விடுமுறை. ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒரு செடியின் அடி இலை மஞ்சளாகிவிட்டது. பதறிப்போய் சுங்கை பூலோ நர்சரி ஒன்றுக்குப் படத்தோடு போனேன். கடைக்கார சீன அங்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, "ஜாஙான் பாஜா டூலு" என்றார். இப்போதைக்கு உரம் வேண்டாமாம். வேர் குறைந்த செடி கிழவிலையில் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு அதைக் கைவிடும், அதன் போக்கில் விடு என்றார். உரம் விற்கிற மனிதர் உரம் வேண்டாம் என்றால் நம்பலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. பாயசத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்: முதல் செடியின் தண்டில் அரிசி முனை அளவுக்கு ஒரு பச்சைப் புடைப்பு. வேரா பூந்தண்டா என்று அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

மே 11, ஞாயிறு

வேர்தான். சுண்டுவிரல் நீளம், நுனி பளபளக்கும் பச்சை. அம்மா ஜெயித்தார். தண்ணீருக்குக் கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன். டப்பாவுக்குள் வேர் சாம்பல் நிறமானால் காலையில் குழாயடியில் முழுக்க நனைத்து வடிய விடுகிறேன். பால்கனியில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஏர்கான் அறைப் பக்கம் கொண்டுபோவதே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாவது செடியும் வேர் விட்டுவிட்டது. பூ எப்போது என்று எல்லாரும் கேட்கிறார்கள். 25, 26 டிகிரிக்கு மேல் போகாமல் சில வாரங்கள் குளிர்ந்தால்தான் இந்த வகை பூந்தண்டு விடும். இங்கே பகலில் 32, 33. குளிர்ச்சியான கேமரன் மலைக்கு அனுப்பி வைக்க வேண்டியதுதான்.

ஓட்டையில்லாத அந்தப் பீங்கான் கிண்ணத்தைக் கழுவி, அம்மா சமையலறையில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.