பெட்டிக்குத்தான் விலை

போன மாதம் முன்னோர்களைக் கும்பிடுகிற படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் ஊர் வீட்டில் கூடினோம். வருடத்துக்கு இரண்டு தடவை திறக்கிற வீடு. இரண்டாம் கட்டில் ஓர் உள் அறையைத் திறந்தபோது, ஐயா ரங்கூனிலிருந்து கொண்டு வந்த பாட்டுப் பெட்டி அகப்பட்டது. பர்மாத் தேக்கு. வௌவால் எச்சத்தைத் துடைத்தால் பளபளப்பு அப்படியே இருந்தது. கூடவே 23 இசைத்தட்டுகள். கிட்டப்பா, சுந்தராம்பாள், பேர் அழிந்துபோன நாகஸ்வரம் ஒன்று.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். கீலைப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். "பெட்டிக்கு விலை சொல்லிருவோம்ணே. தட்டுக்கெல்லாம் ஆள் கிடையாது. பெட்டியோட சேர்த்துக் கொடுத்துருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு பிழைத்ததே இந்தக் கணக்கில்தான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. பேரே விஸ்கான்சின் சேர் கம்பெனி. கிராமபோன் வந்ததும் அதற்கு மரப்பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே! அதற்காக ஆரம்பித்ததுதான் பாராமவுண்ட் ரெக்கார்ட்ஸ். சினிமா பாராமவுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1922 முதல் கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள். தட்டு 75 சென்ட். பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லாரும் இந்த நாற்காலிக் கம்பெனிக்குப் பாடியவர்கள்தான். ஜெஃபர்சன் தவிர மற்ற மூவரும் மிசிசிப்பியின் பருத்திக்காட்டிலிருந்து கிளம்பி, விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற சின்ன ஊருக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். ஸ்கிப் ஜேம்ஸ் 1931 பிப்ரவரியில் போனார். விஸ்கான்சின் குளிரில் அந்த விரல்கள் எப்படி மடங்கினவோ!

பெட்டி வியாபாரிகள் பாட்டுக்குச் செலவழிப்பார்களா? மட்டமான கலவையில் அச்சடித்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவில்தான் சார்லி பாட்டன் கத்துவார். அந்தக் கலவையில் ஒட்டுப்பசையாகச் சேர்ந்தது அரக்கு. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து, முக்கியமாக ராஞ்சிப் பக்கத்துக் காட்டிலிருந்து. கடுதாசி உறையில் ஐயா உருக்கி முத்திரை வைத்த அதே சரக்கு. மிசிசிப்பிக்காரன் குரல் நம்ம ஊர்ப் பூச்சியின் பிசினில்தான் தங்கியிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி.

ப்ளூஸ் என்றதும் எல்லாரும் ராபர்ட் ஜான்சனைத்தான் சொல்வார்கள். நாற்சந்தியில் பேயிடம் உயிரை விற்று கிடார் கற்றாராம். 29 பாட்டு பதிவு செய்துவிட்டு 1938இல், 27 வயதில் போய்ச் சேர்ந்தவர். அருமையான பாட்டுக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேய்க்கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொருவரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னது. பேர்ப் பொருத்தத்தில் இவர் தலையில் ஏறிவிட்டது. பேயைவிட நாற்காலிக் கம்பெனிதான் எனக்கு அதிசயம்.

பொருளாதார மந்தம் வந்து 1932இல் பாராமவுண்டில் பதிவு நின்றது. உலோக அச்சுகள் பழைய இரும்போடு போயின. மிச்சத் தட்டுகளைத் தொழிலாளிகள் மில்வாக்கி ஆற்றில் வீசி விளையாடினார்கள் என்று ஒரு கதை உண்டு. முக்குளித்துத் தேடியும் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

சன் ஹவுஸை 1964இல் நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டர் நகரத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் கிடாரைத் தொட்டே பல வருடமாகியிருந்தது. ஆலன் வில்சன் என்ற இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பாட்டை அவருக்கே வாசித்துக் காட்டித் திரும்பப் பழக்கினார். தட்டிலிருந்து பிள்ளை படித்தது, பிள்ளையிடமிருந்து பெரியவர் படித்தது! அந்த ஆலன் வில்சன் பிறகு கேன்ட் ஹீட் என்ற ராக் குழுவில் பாடினார். 27 வயதில் அவரும் போய்விட்டார்.

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். ஏழு புள்ளியும், அதாவது ஏழு குடும்பமும், வளவில் உட்கார்ந்து பேசினோம். பெட்டியை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், என் பங்கு வேண்டாம், தட்டு மட்டும் போதும் என்றேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. அப்பத்தா மட்டும் "பெட்டி இல்லாம அதை எதுல போட்டுக் கேப்பே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய வேட்டியில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தூர் தாண்டி ஒரு வேகத்தடையில் 'டக்' என்றது. வீட்டுக்கு வந்து எண்ணினால் முழுசாக 22. போனது நாகஸ்வரம்.