எரிந்து முடிந்த யுரேனியத்தை எங்கே வைப்பது?

யுரேனியம் என்றதும் நம் பேச்சு அதன் ஆற்றலைப் பற்றியே சுழல்கிறது. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் வெளிப்படும் வெப்பத்தைப் பெற 2,500 டன்னுக்கும் அதிகமான நிலக்கரியை எரிக்க வேண்டும் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் என்னை நெடுநாளாக ஆட்கொண்டிருக்கும் கேள்வி, அந்த வெப்பத்தைத் தந்து முடித்த எரிபொருளை எங்கே வைப்பது என்பதே.

அணு உலைக்குள் போகுமுன் யுரேனியத்தைப் பாதுகாப்பது அத்தனை கடினமன்று. சுரங்கத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மஞ்சள் தூளை எஃகுப் பீப்பாய்களில் அடைத்து வைக்கிறார்கள். அது பெரும்பாலும் வெளியிடும் ஆல்ஃபா கதிர்களை ஒரு தாளே தடுத்துவிடும். உலையில் பிளவுற்ற பிறகு நிலைமை முற்றிலும் மாறுகிறது. பயன்படுத்திய எரிபொருளில் ஏறக்குறைய 95 விழுக்காடு இன்னமும் யுரேனியமாகவே இருந்தாலும், அதனுள் பிறந்த சீசியம், ஸ்ட்ரான்சியம், புளூட்டோனியம் முதலியவை கொடிய கதிர்வீச்சையும் வெப்பத்தையும் வெளியிட்டுக்கொண்டே இருப்பதால், அதை முதலில் பல ஆண்டுகள் ஆழமான நீர்த்தொட்டியில் வைத்தாக வேண்டும். அந்த நீரே குளிர்விக்கவும் செய்கிறது, கதிர்களைத் தடுக்கவும் செய்கிறது.

தொட்டிக்குப் பிறகு என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான விடை, பயன்படுத்திய எரிபொருளை நிரந்தரமாகப் புதைத்துவைக்கப் பின்லாந்து அமைத்துள்ள ஒங்கலோ என்னும் நிலத்தடிக் கிடங்கு. (பின்னிஷ் மொழியில் ஒங்கலோ என்றால் பொந்து.) லோவீசா அணுமின் நிலையத்தின் பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவுக்கு அனுப்பிவந்த அந்த நாடு, தன் அணுக்கழிவைத் தன் மண்ணிலேயே வைக்க வேண்டும் என்று 1994இல் சட்டத்தைத் திருத்தியது. ஒல்கிலுவோத்தோ தீவில் 2004இல் அகழத் தொடங்கிய சுரங்கம் இன்று 400 மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைக்குள் இறங்கியிருக்கிறது. எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டத்தில் செருகி, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கலனில் அடைத்து, அதன் வாயை வெல்டிங் செய்து மூடி, பாறையில் துளைத்த குழியில் இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண்ணை நிரப்புவது திட்டம். ஈரம் பட்டால் இக்களிமண் உப்பி, நீர் ஊடுருவும் வழியை அடைத்துவிடும். 1,00,000 ஆண்டுகளைக் கணக்கில் வைத்தே இத்தனையும் வடிவமைக்கப்பட்டுள்ளன.

ஆக்சிஜனற்ற நிலத்தடி நீரில் செம்பு உண்மையிலேயே அரிக்காமல் நிற்குமா என்று சுவீடன் ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியதும், அதை ஒட்டி நெடுங்காலம் வாதம் நடந்ததும் உண்டு. அந்த ஐயத்தை நான் மதிக்கிறேன். இத்தகைய பணியில் மறுப்பவரின் குரலும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஆயினும் நீர்த்தொட்டிகளை நம்பிக் காலத்தைத் தள்ளுவதைவிட இதுவே மேலான வழி என்று உறுதியாக எண்ணுகிறேன், ஏனெனில் தொட்டிக்கு மின்சாரமும், பம்புகளும், விழித்திருக்கும் மனிதர்களும் இடையறாது வேண்டும். மூடப்பட்ட பாறைக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை.

இதற்கான செலவைக்கூட அவர்கள் அடுத்த தலைமுறையின் தலையில் கட்டவில்லை. அணுமின் நிறுவனங்கள் செலுத்தும் தொகையைச் சேர்த்துவைக்க, 1988ஆம் ஆண்டு முதலே அரசின் தனி நிதியம் ஒன்று அங்கே இயங்கிவருகிறது.