நுவாகாய்க்கு விடுப்பு இல்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். விடுப்புச் சீட்டுகள் என் மேசைக்குத்தான் வரும்.

என் அப்பா 1980களில் உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்ததால் இங்கே கைமடிக்க, அதாவது தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்க, வந்தவர். அன்று தையலுக்கு மதுரை, ராமநாதபுரம் ஆட்களே போதும். 2005 ஜனவரியில் மேலைநாடுகளின் ஜவுளி கோட்டா (இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு) நீங்கி ஆர்டர்கள் பெருகியபோது, அவர்கள் போதவில்லை. இப்போது தன்பாத் – ஆலப்புழா ரயிலில் ஜார்கண்டிலிருந்தும் மேற்கு ஒடிசாவிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள்.

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் பலாங்கீர் மாவட்டப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து வந்து சீட்டு நீட்டினார்கள். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவர்களுக்கு நுவாகாய். புது நெல்லரிசியைச் சாமிக்குப் படைத்துவிட்டு, குடும்பத்தோடு உண்ணும் நாள். எங்கிருந்தாலும் வீட்டுக்குப் போய்விட வேண்டிய நாள். அதே வாரம் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்குவதாக அறிவித்தது. அது அமலாகும் ஆகஸ்ட் 27-க்கு முன் சரக்கு கப்பலேறியாக வேண்டும். ஒன்பது சீட்டுகளிலும் 'இல்லை' என்று எழுதினேன். தினமும் ஒன்றரை ஷிப்ட். ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண்ணின் இமைமயிரில்கூடப் பஞ்சுத்தூசி படிந்திருந்தது.

28-ஆம் தேதி விடுதிக்குப் போனேன். புது அரிசிக்கு எங்கே போவார்கள்? கடைப் பொன்னியரிசியைப் பாலில் வேகவைத்து, வாழையிலையில் படைத்திருந்தார்கள். மூத்தவர்களை வணங்குவது அந்த நாளின் முறையாம். "நுவாகாய் ஜுஹார்" என்று ஒவ்வொருத்தியாக என் காலைத் தொட்டார்கள். விடுப்பு மறுத்தவள் நான். கூசிப்போய் நின்றேன்.

அடுத்த மூன்று வாரத்தில் ஆர்டர்கள் நின்றன. போகாதே என்று சொன்ன அதே ஒன்பது பேரையும் கூப்பிட்டு, ஊருக்குப் போய் இருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. திருவிழா முடிந்த ஊருக்கு, சம்பளமில்லாமல். கம்பெனியையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்டர் இருக்கும்போது ஆளைப் பிடித்து வைப்பவர்கள், இல்லாதபோது அரைச் சம்பளமாவது கொடுத்திருக்க வேண்டும். கேட்டேன். நடக்கவில்லை.

"ஆர்டர் வந்ததும் போன் செய்கிறேன்" என்றேன்.

"நெல் அறுப்பு முடிவதற்குள் கூப்பிடுங்கள், அக்கா" என்றாள் ஓவர்லாக் பெண். "அதற்கப்புறம் அப்பா தெலங்கானா செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிவிடுவார். நானும் கூடப் போக வேண்டியிருக்கும்."