எட்டுப் பிடியும் முடியட்டும்

"துருப்ப கையில வச்சிக்கிட்டு எதுக்குலே மக்கா பம்முன?"

குளச்சல் கடற்கரையில் இன்று சாயங்காலம். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் பாதியில் இருக்கிறது, எதிரே இருக்கும் கூட்டாளியைப் பார்த்து ஒருவர் கத்துகிறார்.

மற்ற இனங்களை வெட்டும் துருப்புச் சீட்டு யாரிடம் என்று எதிரணிக்கும் அதிலேயே தெரிந்துவிட்டது.

மொத்தம் 32 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் சேர்த்தே 28 தான். ஒரு ஜாக்கி எங்கே என்று தெரிந்தாலே ஆட்டம் திரும்பிவிடும்.

வாயை மூடினால் மட்டும் போதாது. நல்ல சீட்டை ஓங்கி அடிப்பதும் சின்னதை மெல்லத் தள்ளுவதும் சைகைதான். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் போடுங்கள்.

சண்டை அதிகம் வருவது, கவிழ்த்து மறைத்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்லும்போது. முதலில் இறங்கிய இனத்தில் கையில் ஒன்றுகூட இல்லையென்றால்தான் கேட்கலாம். அதற்கு முன் கைச்சீட்டை முழுதாக விரித்துப் பாருங்கள். ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்பு. அவசரத்தில் ஒன்றோடு ஒன்று கலந்து தெரியும். கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

திறந்தபின் தவறு தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆட்டம் எதிரணிக்குப் போகும். போகட்டும்!

முடிந்த பிடியை, அதாவது ஆளுக்கொரு சீட்டு போட்ட சுற்றை, யாராவது பார்க்கக் கேட்டால், அடுத்த சீட்டு விழும்முன் முகம் சுளிக்காமல் காட்டுங்கள்.

கூட்டாளியிடம் கேட்க வேண்டியதை எட்டுப் பிடியும் முடிந்தபிறகு, சீட்டைக் கலைக்கும்போது கேளுங்கள்.