வாட்டர்மார்க் கணக்கில் நான் கோட்டைவிட்ட இடம்

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் தேர்வை முதல் தடவை எழுதப் போனபோது ஸ்ட்ரீம் பிராசஸிங் (நிற்காமல் வரும் தரவை வரவரக் கையாளுவது) வரையறைகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கேட்டதோ கணக்கு.

தரவைக் கணக்கிடும் ஒரு ஆப்பரேட்டருக்குள் அ, ஆ என்று இரண்டு சேனல்கள் (தரவு வரும் வழிகள்) வருகின்றன. விண்டோ, அதாவது நிகழ்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் கால இடைவெளி, 0 முதல் 10 வினாடி வரை. அ-வில் 12 என்ற வாட்டர்மார்க் (நிகழ்வு நேரம் எதுவரை வந்தாயிற்று என்று சொல்லும் குறி) வந்துவிட்டது. ஆ-வில் 7தான் வந்திருக்கிறது. விண்டோ மூடுமா? "12 வந்தாச்சே, மூடும்" என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். மதிப்பெண் போச்சு.

வாட்டர்மார்க் 7 என்றால், 7 வரையிலான நிகழ்வுகள் இனி இந்த வழியில் வராது என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 8, 9 இன்னும் வழியில் இருக்கலாம். அதனால் ஆப்பரேட்டர் இரண்டில் சிறியதைத்தான் தன் நேரமாக வைத்துக்கொள்ளும். ஆ-வில் 9 வந்து, அதன் பின்னால் வாட்டர்மார்க் 11 வந்த பிறகே விண்டோ மூடும். சரி, ஆ-வில் தரவே வராமல் நின்றுவிட்டால்? நேரம் 7-லேயே உறைந்துவிடும். சும்மா கிடக்கும் சேனலைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்க ஃபிளிங்க் என்ற ஸ்ட்ரீம் பிராசஸிங் மென்பொருளில் வசதி இருப்பது இதற்காகத்தான்.

வரிசை பற்றிய கேள்விக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மொத்த சிஸ்டத்துக்கும் பொதுவான வரிசை கிடையாது. நிகழ்வுகளைச் சேமித்து அனுப்பும் காஃப்கா மென்பொருள், தரவைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்துவைத்து, ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே வரிசையைக் காக்கும். இரண்டு பார்ட்டிஷன்களில் எது முந்தியது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. கணினி விஞ்ஞானி லாம்போர்ட் 1978-லேயே பகுதி வரிசை (சில நிகழ்வுகளுக்கு இடையே மட்டும் முன்பின் சொல்ல முடிவது) என்று இதைச் சொல்லிவிட்டார். ஒரே வாடிக்கையாளரின் நிகழ்வுகள் வரிசையாக வேண்டுமென்றால் அவருடைய எண்ணையே கீயாக, அதாவது எந்தப் பார்ட்டிஷன் என்று தீர்மானிக்கும் அடையாளமாக, வைக்க வேண்டும். பார்ட்டிஷன் எண்ணிக்கையைப் பாதியில் மாற்றினால் அந்தக் கீ வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விடலாம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் செக்பாயிண்ட் பாரியர்: பழுதானால் மீள்வதற்காக, அதுவரையிலான கணக்கைப் பதிவெடுக்கச் சொல்லித் தரவோடு வரும் குறி. எனக்கு ரொம்ப நாள் புரியாதது இதுதான். அ-வில் பாரியர் வந்ததும் அதன் பின்னால் வரும் நிகழ்வுகளை ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? தாளில் இரண்டு கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அ-வில் 3 நிகழ்வுகள், பாரியர், மேலும் 2 நிகழ்வுகள். ஆ-வின் பாரியர் தாமதம். ஆப்பரேட்டர் காத்திருக்காமல் அந்த 2-ஐயும் எண்ணிவிட்டால், ஆ-வின் பாரியர் வந்ததும் எடுக்கும் பதிவில் அவையும் சேர்ந்துவிடும். பிறகு ஏதாவது விழுந்து, பதிவிலிருந்து மீண்டால், தரவை அனுப்பும் மூலமோ பாரியர் இருந்த இடத்திலிருந்து திரும்ப அனுப்பும். அதே 2 மறுபடி எண்ணப்பட்டு, அ-விலிருந்து 5 என்று வரவேண்டியது 7 ஆகிவிடும். சேண்டி, லாம்போர்ட் இருவரின் 1985 அல்காரிதத்திலிருந்து வந்த யோசனை இது. பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் தேறாது, இந்த 5-ஐயும் 7-ஐயும் காட்டினால் தேறும்.

காத்திருப்பதால் தாமதம் கூடும், பின்னழுத்தம் (அடுத்த கட்டம் ஈடுகொடுக்க முடியாமல் தரவு தேங்குவது) இருக்கும்போது இன்னும் மோசம். வழியில் இருக்கும் தரவையும் பதிவோடு சேர்த்து எழுதிவிடும் முறை ஃபிளிங்க் 1.11-ல், 2020-ல் வந்தது. நேரம் மிச்சமிருந்தால் அதையும் எழுதலாம்.

இரண்டாம் தடவை மூன்று சேனல் கொடுத்திருந்தார்கள். விடையைத் தொடும் முன் ஓரத்தில் மூன்று கோடு போட்டேன்.